வருசா வருசம் வருகிற அந்தத் தடிமன்

மழை விட்டு நிலம் காயத் தொடங்கியதும் எங்கள் நலன்புரிப் பிரிவுக்கு வருகிற ஆக்களில் கனபேர் ஒரே முறைப்பாட்டைத்தான் கொண்டு வருகிறார்கள். "ஐயா, தடிமன் விடுகுதே இல்லை." "சேர், சளி மூணு கெழமையா அப்படியே நிக்குதுங்க." பனடோல் போட்டாச்சு, வேது பிடிச்சாச்சு, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சாச்சு, தலைக்கு முழுகாமலும் விட்டுப் பார்த்தாச்சு. ஒன்றுக்கும் கேட்கவில்லை. பெயர் பதிகிற கொப்பியைப் புரட்டினால், போன வருசமும் அதே மாதத்தில் அதே ஆள் அதே கதையோடு வந்திருப்பார்.

இப்படி நாள் வைத்து வருகிற தடிமனைத் தடிமன் என்று எடுத்துக்கொண்டு மருந்து செய்வதில் பலன் இல்லை. அது பெரும்பாலும் ஒவ்வாமை, நாங்கள் பேச்சில் சொல்கிற அலர்ஜி. புல்லிலும் பூண்டிலும் பூக்கிற பூவிலிருந்து பறக்கிற தூள் மூக்குக்குள் போவதால் வருகிறது. இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். மூக்கொழுகுவதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். இரவில் மூச்சு முட்டி நித்திரை இல்லாத ஆள் அடுத்த நாள் கத்தி பிடிக்கிறார். வேலைக்கு வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மூக்கோடு நின்ற வருத்தம் சிலருக்கு நெஞ்சுக்கு இறங்கி இழுப்பாகிறது. அதோடு எங்கள் பகுதியில் புல்லை விடப் பொல்லாத ஒரு பூண்டு பரவிக் கிடக்கிறது. அதை வெறுங்கையால் பிடுங்குகிறவர்கள் எங்கள் பெண்கள்.

தடிமனா, அலர்ஜியா?

முதலில் இதைப் பிரித்து அறிய வேண்டும். தடிமன் ஒரு கிருமியால் வருகிறது. இரண்டு மூன்று நாள் உடம்பு உளைவு, இலேசான காய்ச்சல், தொண்டை நோ இருக்கும். மூக்குச்சளி முதலில் தண்ணியாய் வந்து பிறகு தடிக்கும். ஒரு கிழமை, கூடினால் பத்து நாளில் மாறிவிடும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தொற்றும்.

அலர்ஜி அப்படி இல்லை. காய்ச்சல் வராது. மூக்கிலிருந்து பச்சைத் தண்ணிபோல் ஓடிக்கொண்டே இருக்கும். தும்மல் ஒன்று இரண்டோடு நிற்காது, ஏழு எட்டுத் தும்மல் தொடர்ந்து வரும். இதைவிட முக்கியமான அடையாளம் கடி. மூக்கு கடிக்கும், கண் கடிக்கும், மேல் அண்ணமும் காதின் உட்பக்கமும்கூடக் கடிக்கும். தடிமனில் இந்தக் கடி இராது. சின்னப் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கும். "பிள்ளை நித்திரை முழிக்குது, அதுதான் கண் கறுத்துப்போச்சு" என்பார்கள். நித்திரை முழிப்பதற்கும் காரணம் அந்த மூக்கடைப்புத்தான்.

இன்னொன்று, அலர்ஜி இடமும் நேரமும் பார்க்கும். காலையில் வரம்பில் புல் வெட்டும்போது கூடும், வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரத்தில் குறையும். மழை பெய்த அன்று சுகமாய் இருக்கும், வெயிலும் காற்றும் அடித்தால் திரும்ப வரும். வருசம் முழுக்க, வீட்டுக்குள் இருக்கும்போதுதான் கூட என்றால், அது தூசி, பாயிலும் தலையணையிலும் இருக்கிற உண்ணி, பூஞ்சணம், அடுப்புப் புகை இவற்றால் வருவதாக இருக்கும். அதற்கு வைத்தியம் ஒன்றுதான், ஆனால் தடுக்கிற வழி வேறு.

புல்லுக்கும் பூ உண்டு

புல் பூக்கும் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். நெல்லும் புல்லினந்தான். கதிர் வெளியே வந்ததும் நெல்மணியின் வாய் திறந்து, வெள்ளையாய்ச் சின்னச் சின்னத் துணுக்குகள் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுதான் பூ. அந்தத் துணுக்கில் இருப்பது மகரந்தத் தூள். மல்லிகைக்கும் செவ்வரத்தைக்கும் வண்ணாத்திப்பூச்சியும் தேனீயும் வந்து தூளை எடுத்துப் போகின்றன. புல்லுக்கு அந்த வசதி இல்லை. நிறமும் இல்லை, மணமும் இல்லை, தேனும் இல்லை. அது காற்றை நம்பித்தான் பூக்கிறது. காற்று எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று தெரியாது. அதனால் கணக்கில்லாமல் தூளை உண்டாக்கிப் பறக்க விடுகிறது. ஒரு மில்லிமீற்றரை முப்பதாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு அளவுதான் ஒரு துகள். கண்ணுக்குத் தெரியாது. மூக்கின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் அதிலுள்ள சில புரதங்கள் கரைந்து வெளியே வரும். பெரும்பாலான ஆக்களுக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருடைய உடம்பு மட்டும் அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. தும்மலும் தண்ணியும் கடியும் அந்தச் சண்டைதான்.

இதைக் கண்டுபிடித்த கதையையும் சொல்ல வேண்டும். 1819 இல் இலண்டனில் யோன் பொஸ்ரொக் என்ற வைத்தியர், ஒவ்வொரு கோடையிலும் தனக்கே வருகிற கண்கடியையும் தும்மலையும் எழுதி வைத்தார். வைக்கோல் வெட்டுகிற காலத்தில் வந்ததால் வெள்ளைக்காரர் இதற்கு வைக்கோல் காய்ச்சல் என்று பேர் வைத்தார்கள். காய்ச்சலும் இல்லை, வைக்கோலில் பிழையும் இல்லை, பேர் மட்டும் நிலைத்துவிட்டது. பிறகு மன்செஸ்ரர் நகரத்தில் சார்ள்ஸ் பிளக்லி என்ற இன்னொரு வைத்தியர் வந்தார். அவருக்கும் இதே வருத்தம். புல்லின் தூளைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார், தோலைக் கீறி அதில் தேய்த்துப் பார்த்தார், பசை தடவிய கண்ணாடியைப் பட்டத்தில் கட்டி மேலே ஏற்றி, உயரத்திலும் தூள் பறக்கிறதா என்று பார்த்தார். எல்லாவற்றையும் 1873 இல் புத்தகமாகப் போட்டார். இன்றைக்கு வைத்தியசாலையில் கையில் குத்திப் பார்க்கிற அலர்ஜிச் சோதனைக்கு அடி எடுத்துக் கொடுத்தது அவருடைய கீறல்தான்.

எங்கள் பக்கத்துப் புல்லுகள்

அக்கராயன் குளத்தின் கீழ் வயல், வாய்க்கால் கரை, தென்னந்தோட்டம், மாட்டுக்குப் போட்ட தீன்புல் என்று புல்லுக்குக் குறைவே இல்லை. 2009 க்குப் பிறகு மீளக் குடியேற வந்தபோது வளவுகள் எப்படிக் கிடந்தன என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆளுயரத்துக்குப் புல்லும் பற்றையும். வெட்டி வெளியாக்கின இடத்திலும் ஒரு மாரி கழிய மறுபடி வருகிறது.

எல்லாப் புல்லும் ஒரே அளவு தொல்லை தருவதில்லை. பிள்ளையார் தலையில் வைக்கிற அறுகம்புல் உலகம் முழுக்க அலர்ஜிக்குப் பேர்போனது. முற்றத்திலும் விளையாட்டு இடத்திலும் அதுதான் கூட. குட்டையாய் வெட்டி வைத்தால் பூக்காது, பூக்காவிட்டால் தூளும் இல்லை. கினிப்புல்லும் இலுக்கும் பெரிய கதிர் விடுகிறவை. தென்னைக்குக் கீழே கினிப்புல்லை முற்ற விட்டால் காற்றடிக்கிற நேரம் அதற்குள் வேலை செய்வது கடினம். சோளத்தின் தூள் பாரமானது, தூரம் போகாது. நெல்லைப் பற்றிக் கனபேர் கேட்கிறார்கள். நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்கிற பயிர், காலை ஒன்பது பத்து மணிக்குத் திறந்து மத்தியானத்துக்குள் மூடிவிடும். அந்த நேரம் கதிருக்குள் இறங்கி நடக்காவிட்டால் போதும். சூடு அடிக்கும்போது வருகிற தும்மலும் இருமலும் பூந்தூளால் வருவதில்லை. அது உமிச்சுணையும் வைக்கோலில் பிடித்த பூஞ்சணமும். அதற்கு முகத்தில் துணி கட்டாமல் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

மாட்டுக்குப் புல் வளர்க்கிறவர்களுக்கு ஒரு சொல். சி.ஓ. 3 புல்லை நாற்பத்தைந்து நாளுக்குள் வெட்டிவிடுங்கள். கதிர் விட்ட பிறகு தண்டு தடித்து மாடு விட்டுவிட்டுத் தின்னும், சத்தும் குறையும். பூக்குமுன் வெட்டினால் மாட்டுக்கும் நல்லது, வெட்டுகிற ஆளின் மூக்குக்கும் நல்லது.

பார்த்தீனியம்

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருகிறோம். இது புல் இல்லை. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பூண்டு. இலை கரட் இலைபோல் வெட்டு வெட்டாய் இருக்கும். சின்னதாய் இருக்கும்போது நிலத்தோடு வட்டமாய்ப் படுத்திருக்கும். பிறகு தண்டு எழும்பி இடுப்புயரம், நல்ல நிலத்தில் நெஞ்சுயரம் வரும். உச்சியில் கொத்தமல்லிப் பூப்போல வெள்ளைப் பொட்டுப் பொட்டாய்ப் பூக்கும். பார்க்க வடிவாய்க்கூட இருக்கும். பிள்ளைகள் பிடுங்கி மாலை கட்டி விளையாடுவதைக் கண்டிருக்கிறோம். தயவுசெய்து விடாதீர்கள்.

இதன் சொந்த இடம் அமெரிக்கக் கண்டம். இந்தியாவில் 1955 இல் புனேயில் கண்டார்கள். வெளிநாட்டுக் கோதுமையோடு விதை வந்தது என்று சொல்வார்கள். அங்கே அதைக் காங்கிரஸ் புல் என்றும் அழைக்கிறார்கள். எங்கள் நாட்டில் 1999 இல் வவுனியாவில்தான் முதலில் பதிவு செய்யப்பட்டது. 1987 இல் இந்திய அமைதிப்படை வந்தபோது அவர்களுக்கு இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்தது என்பது பொதுவான பேச்சு. எப்படி வந்ததோ, வந்தது வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்துக்கொண்டது. 2013 இல் அமைந்த வடக்கு மாகாண சபையின் விவசாய அமைச்சு இதை ஒழிப்பதை ஓர் இயக்கமாகவே நடத்தியது. ஆனாலும் முழுதாய்ப் போகவில்லை, போகவும் மாட்டாது. ஏனென்றால் ஒரு செடி பதினையாயிரம், இருபதாயிரம் விதை போடும். விதை பொடி மாதிரி. மணல் லொறியில் போகும், உழவு இயந்திரச் சில்லில் ஒட்டிப் போகும், ஆட்டெருவோடு போகும், வாய்க்கால் தண்ணியிலும் போகும். மழை பெய்து முளைத்தால் ஐந்தாறு கிழமையில் பூத்துவிடும்.

இதனால் இரண்டு விதமான வருத்தம் வருகிறது. ஒன்று, புல்லைப்போலவே மகரந்தத்தால் வருகிற தும்மல், கண்கடி, இழுப்பு. மற்றது தோல் வருத்தம். செடியின் உடம்பெல்லாம் மெல்லிய மயிர். அதில் பார்த்தீனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கையில் பட்டால் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த செடியின் துகள் காற்றில் வந்து கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, காதுக்குப் பின்பக்கம் என்று பட்ட இடமெல்லாம் சிவந்து, கடித்து, நீர் கசிந்து, பிறகு தோல் தடித்துக் கறுத்துப்போகும். வெயில் பட்டால் இன்னும் கூடும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு வருசக்கணக்காய்க் களிம்பு பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பூசுகிற களிம்பில் பிழை இல்லை. செடி கிணற்றடியில் நிற்கிறது.

எங்களிடம் அடிக்கடி வருகிற வாதம் ஒன்று உண்டு. "நான் ரெண்டு வருசமாய் வெறுங்கையாலைதான் பிடுங்கிறன். எனக்கு ஒண்டும் செய்யேல்லை." இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அலர்ஜி முதல் நாளே வருகிற வருத்தம் இல்லை. உடம்பு அந்தப் பொருளை மாதக்கணக்காய், சிலருக்கு வருசக்கணக்காய்ச் சந்தித்துச் சந்தித்துத்தான் பகை வளர்க்கிறது. பகை வந்த பிறகு கொஞ்சம் பட்டாலே போதும். அப்போது கையுறை போட்டாலும் முன்னைப்போல் வேலை செய்ய முடியாது. ஆகவே இன்னும் ஒன்றும் செய்யாத ஆள்தான் கட்டாயமாகக் கையுறை போட வேண்டிய ஆள்.

பிடுங்குகிற முறை

பூக்குமுன் பிடுங்க வேண்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். மழை தொடங்கி மூன்று நான்கு கிழமைக்குள், நிலம் ஈரமாய் இருக்கும்போது வேரோடு கழன்று வரும். கத்தியால் வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். சிரமதானங்கள் பெரும்பாலும் வெள்ளைப்பூ தெரிந்த பிறகுதான் வைக்கப்படுகின்றன, கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஞாபகம் வருகிறது. பூத்த செடியைப் பத்துப் பேர் சேர்ந்து பிடுங்கி, உதறி, இழுத்துக்கொண்டு போனால் அது ஒழிப்பு இல்லை, விதைப்பு. தூளும் எல்லோருடைய மூக்குக்குள்ளும் போகும்.

பூத்துவிட்டதைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றால், காலைப் பனியில் செடி நனைந்திருக்கும்போது, அல்லது தண்ணி தெளித்துவிட்டு, முழுக்கைச் சட்டை, றப்பர் கையுறை, முகக்கவசத்தோடு பிடுங்குங்கள். கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பையை இரண்டாய் மடித்துக் கையில் மாட்டுங்கள், வெறுங்கையை விட அது பரவாயில்லை. பூ உச்சியைப் பைக்குள் விட்டுக் கட்டிக்கொண்டு பிடுங்கினால் விதை சிந்தாது. குவித்து நெருப்பு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். புகைக்குப் பக்கத்தில் நின்றால் இழுப்புக்காரருக்கு ஆபத்து. ஆழமாய்க் கிடங்கு வெட்டித் தாழ்ப்பதுதான் நல்லது. பூக்காத செடியென்றால் கூட்டெருவுக்கும் போடலாம். வேலி ஓரம், வெறும் நிலம் என்றால் ஒரு லீற்றர் தண்ணிக்கு இருநூறு கிராம் உப்புக் கரைத்துத் தெளித்துக் கருக்கலாம். பயிர் நிலத்திலும் தென்னை அடியிலும் உப்பைத் தெளித்துவிடாதீர்கள், நிலம் கெட்டுப்போகும். தகரை அடர்ந்த இடத்தில் பார்த்தீனியம் குறைவாகத்தான் வரும், தகரையைத் தேவையில்லாமல் வெட்ட வேண்டாம். ஆடு மாடு இதைத் தின்றால் பால் கசக்கும், அதுகளுக்கும் வாயும் தோலும் புண்படும்.

வேலை முடிந்து வீடு வரும்போது

மகரந்தம் உங்களுடைய தலைமயிரிலும் உடுப்பிலும் ஏறி வீட்டுக்குள் வருகிறது. வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால் பிள்ளை தும்மும். கிணற்றடிக்கு நேரே போய், உடுப்பை மாற்றி, தலையோடு குளித்துவிட்டு உள்ளே போங்கள். தடிமனுக்குத் தலைக்கு வார்க்கக் கூடாது என்ற பயம் இங்கே தேவையில்லை. இது தடிமன் இல்லை, தலையிலே இருக்கிற தூள்தான் இரவு முழுக்கத் தலையணைக்கு இறங்கி மூக்கடைக்கிறது. தண்ணி கஷ்டமான நாளில் முகம், கை, கழுத்தைக் கழுவி, ஈரத் துணியால் தலையைத் துடைத்தாலும் கொஞ்சம் உதவி. உடுப்பைப் புல் மேல் விரித்துக் காயப்போடாதீர்கள், கொடியில் போடுங்கள். காற்று அள்ளி எறிகிற நாளில் பாய் தலையணையை வெளியே போட்டு வைக்காதீர்கள்.

வேலையில், நனைத்துப் பிழிந்த லேஞ்சியை மூக்கு வாய் மூடக் கட்டினால் தூள் அதில் ஒட்டும். 2020 இல் கொரோனா வந்து எல்லோருக்கும் முகக்கவசம் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைப் புல்லு வெட்டுகிற மெசின் பிடிக்கும்போது கைவிட வேண்டாம். மூக்குத் துவாரத்தின் வாசலில் மெல்லிதாய் வசிலின் பூசுவதும் நல்லது. சைக்கிளில், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கண்ணாடி போட்டால் கண்கடி பாதியாய்க் குறையும். கண்ணைக் கசக்கக் கூடாது, குளிர்ந்த தண்ணியால் கழுவ வேண்டும்.

மூக்குக் கழுவுவது பழைய முறை, நல்ல முறை. கொதித்து ஆறின தண்ணி அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, ஒரு துவாரத்தால் மெல்ல விட்டு மற்றதால் வெளியே விடுங்கள். குளத்துத் தண்ணி, பச்சைக் கிணற்றுத் தண்ணி கூடாது. கொதிக்க வைக்க வேண்டும். வேது பிடிப்பதைப் பொறுத்தமட்டில், அடைப்புக்குக் கொஞ்ச நேரம் சுகம் தரும், அலர்ஜியை நிறுத்தாது. கொதிபானையைச் சின்னப் பிள்ளைக்கு முன்னால் வைப்பதை மட்டும் நாங்கள் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம்.

மருந்து

பாமசியில் கேட்டு வாங்குகிற மஞ்சள் பிரிட்டோன் குளிசை கடியையும் தும்மலையும் குறைக்கும். ஆனால் நித்திரை தூங்க வைக்கும். அதைப் போட்டுவிட்டு லான்ட்மாஸ்ரர் ஓட்டுவது, புல்வெட்டி பிடிப்பது, தென்னையில் ஏறுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. செற்றிரிசின், லோரட்டடின் என்ற குளிசைகள் நித்திரைத் தன்மை குறைந்தவை. அவற்றிலும் செற்றிரிசின் சிலருக்குக் கண்ணைச் செருக வைக்கும். முதல் குளிசையை இரவில் போட்டுப் பாருங்கள். பெரிய ஆளின் குளிசையைப் பாதி உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பாணி மருந்து உண்டு, நிறைக்குத் தக்க அளவு உண்டு. பிள்ளைத்தாய்ச்சி என்றால் மருந்து எடுக்குமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மூக்கடைப்புக் கடுமை என்றால் மூக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே மருந்துதான் சரியான மருந்து. கனபேர் இரண்டு நாள் அடித்துவிட்டு "இது சரிவராது" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். அது உடனே வேலை செய்கிற மருந்து இல்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை நாள்தோறும் அடித்தால்தான் குணம் தெரியும். அடிக்கும்போது தலையைக் கொஞ்சம் குனிந்து, வலக்கையால் இடது மூக்குக்கும் இடக்கையால் வலது மூக்குக்கும் அடித்தால் மருந்து நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் போகும். நடுவில் பட்டால்தான் இரத்தம் வருகிறது. உடனே அடைப்பைத் திறக்கிற சொட்டு மருந்துகள் வேறு. அவற்றை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மூக்கு அதற்கே அடிமையாகி, விடாவிட்டால் அடைக்கத் தொடங்கும்.

"ஒரு ஊசி போட்டால் சீசன் முடியுமட்டும் சுகம்" என்று சொல்லிப் போடுகிற ஊசி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் நீண்ட நாள் உடம்பில் நிற்கிற ஸ்ரீரொயிட். சீனி வருத்தம், எலும்பு தேய்தல், போட்ட இடத்துத் தசை குழிதல் எல்லாம் வரலாம். ஸ்ப்ரேயால் மாறுகிற வருத்தத்துக்கு இது தேவையில்லை. 1911 இல் இலண்டனில் நூன் என்ற வைத்தியர் தொடங்கிய வேறொரு ஊசி முறையும் இருக்கிறது. புல்லின் மகரந்தச் சாறையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. அது நல்ல முறை, ஆனால் மூன்று வருசம் எடுக்கும், விசேட வைத்தியரின் பார்வையில்தான் செய்யலாம்.

நெஞ்சுக்கு இறங்கினால்

இழுப்பு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மூக்கு அலர்ஜியும் உண்டு. மூக்கும் நெஞ்சும் ஒரே பாதை. மூக்கை ஒழுங்காய்ப் பார்த்தால் நெஞ்சும் கொஞ்சம் அடங்கும். இரவில் இருமல், ஓடினால் சீழ்க்கைச் சத்தம், விடியப்புறம் நெஞ்சு இறுக்கம் இருந்தால் "சளிதான்" என்று விடாமல் அக்கராயன் வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள்.

பம் அடித்தால் அடிமையாகிவிடும் என்ற கதை இன்னும் எங்கள் மத்தியில் ஓடுகிறது. பெண் பிள்ளைக்குப் பம் இருப்பது தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்று ஒளித்து வைக்கிற வீடுகளும் உண்டு. பம்மில் மருந்து குளிசையை விட மிகக் குறைவு, நேரே நெஞ்சுக்குப் போகிறது. நீலப் பம் உடனே மூச்சைத் திறக்கிறது, ஆனால் உள்ளே இருக்கிற வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைக்கிறது மண்ணிறப் பம். அதை வைத்தியர் சொன்ன நாள்மட்டும், சுகமாய் இருக்கும்போதும், அடித்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். நீலப் பம் மட்டும் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் வருத்தம் அடங்கவில்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கு அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்மின் வாய் இறுக்கமாய்ப் பொருந்துகிற அளவு துளை வெட்டி, போத்தல் வாயால் மூச்சு இழுக்க விடலாம். ஒரு தரம் அமத்தி ஐந்தாறு மூச்சு. கடையில் வாங்குகிற குழாய்க்கு இது மோசம் இல்லை.

மூக்கு அலர்ஜியை இலேசாய் எண்ணக் கூடாது என்பதற்கு மெல்போர்னில் நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் ஆக்கள் கனபேர் வாழ்கிற நகரம் அது. 2016 நவம்பர் 21 மாலை இடிமுழக்கத்தோடு புயல்காற்று அடித்தது. புல் பூத்திருந்த காலம். மகரந்தம் ஈரத்தில் ஊதி வெடித்து, நெஞ்சின் அடிவரை போகிற சின்னத் துணுக்குகளாய்க் காற்றோடு நகரத்துக்குள் வந்தது. சில மணித்தியாலத்தில் ஆயிரக்கணக்கான ஆக்கள் மூச்சு முட்டி வைத்தியசாலைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். போனவர்களில் கனபேருக்கு அதற்கு முன் இழுப்பு இருந்ததே இல்லை, வருசா வருசம் வருகிற மூக்கொழுகல் மட்டும் இருந்தது. அங்கே உள்ள புல் வேறு, காலநிலை வேறு. அதே மாதிரி இங்கே நடக்கும் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் மூக்கோடு நிற்கிற வருத்தம் ஒரு மாலைக்குள் நெஞ்சுக்கு இறங்கலாம் என்பது எங்களுக்கும் பொருந்தும்.

ஒரு மூச்சில் ஒரு வசனம் முழுதாய்ச் சொல்ல முடியாமல் போனால், விலாவுக்கு இடையில் தோல் உள்ளிழுத்தால், உதடு நீலம் பாரித்தால், நீலப் பம் அடித்தும் குறையாவிட்டால் விடியுமட்டும் பார்த்திருக்க வேண்டாம். ஆளை நிமிர்ந்து இருக்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். நீலப் பம்மை ஒரு தரம் அமத்தி, அரை நிமிடம் விட்டு மறுபடி, இப்படிப் பத்துத் தரம்வரை கொடுத்துக்கொண்டே 1990 க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம், வைத்தியசாலையில் மருந்தும் இலவசம்.

வருகிற மாரிக்கு

மழை தொடங்கியதும் பார்த்தீனியம் பிடுங்குகிற சிரமதானம் வைக்க நினைத்திருக்கிறோம். இழுப்பு உள்ளவர்கள், முன்பு தோல் கடி வந்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிமார் பிடுங்கப் போக வேண்டியதில்லை. வெட்கப்படாமல் முன்கூட்டியே கங்காணியிடமோ எங்களிடமோ சொன்னால், தேத்தண்ணி ஊற்றுகிற வேலை, கிடங்கு வெட்டுகிற வேலை என்று காற்றுக்கு மேல்பக்கமாய் வேறு வேலை தரலாம். மற்ற எல்லோரும் முழுக்கைச் சட்டையோடு வாருங்கள். பம் பாவிக்கிறவர்கள் சிரமதானத்துக்கு முதல் கிழமை அதை அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால், திகதி முடிந்துவிட்டதா, உள்ளே மருந்து இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.